வெற்றுப் படிவத்திலிருந்து தொடங்குங்கள்: பழைய சமூகக் கணக்கெடுப்புகளை மின்னாக்கம் செய்வது பற்றி

பழைய சமூகக் கணக்கெடுப்பு ஒன்றை மின்னாக்கம் செய்யலாம் என்று முடிவானதும் எல்லோருடைய கையும் நேராக நிரப்பிய படிவங்கள் இருக்கும் பெட்டிக்குத்தான் போகும். ஆயிரக்கணக்கில் இருப்பவை அவை. மனிதர்கள் சொன்னதும் அவற்றில்தான் இருக்கிறது. ஆனாலும் முதலில் ஸ்கேன் ஆக வேண்டியவை வேறு. நிரப்பாத வெற்றுப் படிவம் ஒன்று, களப்பணியாளர்களுக்குக் கொடுத்த அறிவுரைக் கையேடு, பதில்களை எண்களாக மாற்றிய குறியீட்டு ஏடு, எந்த வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற மாதிரிக் குறிப்பு, இந்த நான்கும்தான் முதல் வேலை. நான்கையும் சேர்த்தாலும் ஒரு மெல்லிய கோப்புக்கு மேல் வராது. பெரும்பாலும் சம்பளப் பட்டியல்களோடும் பயணப்படி ரசீதுகளோடும் கலந்து, 'இதர' என்று எழுதிய பெட்டியின் அடியில் கிடக்கும். அது தொலைந்துவிட்டால் மற்றப் பெட்டிகள் அத்தனையும் ஊமையாகிவிடும்.

காரணம் எளிது. ஒரு படிவத்தில் 17-ஆம் கேள்விக்கு எதிரே 3 என்று மட்டும் இருக்கும். 3 என்றால் 'வாடகை வீடு' என்பது குறியீட்டு ஏட்டில் இருக்கும். வாடகை கொடுக்காமல் முதலாளி கொடுத்த வீட்டில் இருப்பவரையும் 3-இல் சேர்க்கச் சொன்னார்களா என்பது அறிவுரைக் கையேட்டில் இருக்கும். அந்த வீடு பட்டியலில் எப்படி வந்தது, பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகலாமா என்பது மாதிரிக் குறிப்பில் இருக்கும். கேள்வி, பதில், குறியீடு, எண்ணிக்கை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் அது கணக்கெடுப்பு. அந்தக் கோர்வை அறுந்துவிட்டால் எத்தனை லட்சம் படங்களை இணையத்தில் ஏற்றினாலும் படங்கள்தான் மிஞ்சும்.

இது வெறும் ஆய்வாளர்களின் கவலை இல்லை. மறுகணக்கெடுப்பு எதுவும் இதில்தான் நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களை ஆய்வு செய்தார். அதே கிராமங்களுக்கு 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்குப் பின்னரும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். இருபது ஆண்டில் குடும்பங்கள் பெருகின என்று சொல்ல வேண்டுமானால், முதல் முறை 'குடும்பம்' என்று எதை எண்ணினார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். ஒரே அடுப்பா, ஒரே கூரையா, ஒரே பட்டாவா? விளக்கம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். ஊரில் எதுவுமே மாறாமல் இருந்தாலும் மாறும்.

இனி படிவங்களுக்கு வருவோம். ஒரு நிரப்பிய படிவத்தின் பக்கத்தை நிதானமாகப் பார்த்தால் அதில் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள். தொழில் என்ற கேள்விக்கு எதிரே நீல மையில் 'கூலி' என்று இருக்கும். அது வீட்டு வாசலில் நின்று எழுதியவர். அதைச் சிவப்பு மை அடித்துவிட்டு 'குத்தகை, பாதிப் பங்கு' என்று மேலே எழுதியிருக்கும். அது மாலையில் படிவங்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர். ஓரத்தில் பச்சைப் பென்சிலில் 42 என்று இருக்கும். அது மாதங்கள் கழித்து அலுவலகத்தில் உட்கார்ந்து குறியீடு போட்டவர். அச்சான அறிக்கையில் வந்தது அந்த 42 மட்டுமே. மேற்பார்வையாளர் எதை வைத்துத் திருத்தினார், எத்தனை 'கூலி'கள் 'குத்தகை' ஆயின என்பதெல்லாம் அந்த நிறங்களில்தான் இருக்கிறது. ஆகவே கணக்கெடுப்புப் படிவங்களை எப்போதும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். இடம் மிச்சமாகும் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மூன்று பேரும் ஒருவராகிவிடுவார்கள். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் பிரித்துத் தர முடியாது.

நுணுக்கம் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போடலாம். பென்சிலில் எழுதிய மிகச் சிறிய எழுத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் உயரம் என்றால் 200 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) அதற்குச் சுமார் 8 பிக்சல் கிடைக்கும், 300-இல் 12, 400-இல் 16. எட்டு பிக்சலில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. அச்சடித்த அறிக்கைக்கு 300 போதும். கையெழுத்துப் படிவத்துக்கு 400 வைத்துக்கொள்வதே என் சிபாரிசு. ஏ4 பக்கம் ஒன்று 400 டிபிஐ-யில், 24 பிட் வண்ணத்தில், சுருக்காத டிஃப் ஃபைலாகச் சுமார் 46 மெகாபைட் வரும். 10,000 பக்கம் என்றால் 460 கிகாபைட்டுக்குச் சற்று மேல். மூன்று பிரதி வைக்க வேண்டும் என்பதால் ஒன்றரை டெராபைட் அளவுக்கு இடம் ஒதுக்குங்கள். இந்த மூல ஃபைல்களை யாரும் இணையத்தில் திறக்கப்போவதில்லை. இவற்றிலிருந்து சிறிய ஜேபெக் அல்லது பிடிஎஃப் பிரதிகளை எடுத்துத்தான் வெளியிட வேண்டும்.

சுருக்குவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசல் என்ற கணினியாளர், பரவலாகப் பயன்பாட்டில் இருந்த சில ஸ்கேனர்கள் பக்கத்தில் உள்ள எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்துக் காட்டினார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலாகவோ உடைந்தோ வரவில்லை, தெளிவான 8. ஜேபிக்2 என்ற சுருக்கமுறை, ஒன்றுபோல் இருக்கும் எழுத்துருக்களை ஒரே வடிவமாகக் கருதி ஒன்றின் படத்தை இன்னொன்றின் இடத்தில் வைத்துவிட்டதுதான் காரணம். ஒரு கடிதத்தில் இது நடந்தால் படிப்பவர் கண்டுகொள்வார். பக்கம் முழுக்க எண்களாக இருக்கும் அட்டவணையில் யாரும் கண்டுகொள்ள முடியாது. ஸ்கேனரிலேயே பிடிஎஃப் ஆக்கித் தரும் வசதியை அணைத்துவிட்டு, சுருக்காத டிஃப் மட்டும் வாங்குங்கள். அதோடு 'வெற்றுப் பக்கங்களைத் தானே நீக்கு' என்ற வசதியையும் அணையுங்கள். மங்கிய பென்சில் குறிப்பு மட்டும் உள்ள பக்கத்தை அது வெற்றுப் பக்கம் என்று எடுத்து எறிந்துவிடும். அதன் பிறகு பக்க எண்ணிக்கை எந்தப் பெட்டியிலும் ஒத்துவராது.

தாள்களைக் கையாள்வதில் அவசரம் கூடாத இடங்கள் சில உண்டு. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிள் பின்னையும் இழுக்காதீர்கள். பின்பக்கத்துக் கால்களைத் தட்டையான மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாகத் தூக்கினால் தாள் கிழியாது. ஆனால் எந்தெந்தத் தாள்கள் ஒன்றாகக் குத்தியிருந்தன என்பதைப் பின்னை எடுக்கும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். தனித்தாளில் எழுதிக் குத்திய கூடுதல் குறிப்பு எந்த வீட்டுக்கு உரியது என்பதற்கு அந்தப் பின் ஒன்றுதான் சாட்சி. கார்பன் பிரதி எடுத்த மெல்லிய தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத்திருந்தால் அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள், எழுத்து எடுப்பாகத் தெரியும். இரண்டு பக்கமும் எழுத்திருந்து பின்பக்கம் ஊடுருவித் தெரிந்தால் கறுப்புத் தாள் வையுங்கள், ஊடுருவல் அடங்கும். தானாகத் தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர், ஒரே அளவில் உறுதியாக இருக்கும் தாள்களுக்கு மட்டும். சைக்ளோஸ்டைல் தாளும் மடித்துவைத்த வரைபடமும் மேலிருந்து படமெடுக்கும் கேமரா மேசைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் தொடக்கத்திலும் நிற அட்டையையும் அளவுகோலையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். விளக்கு மாறியதா, நிறம் நகர்ந்ததா என்று பிறகு பார்க்க வேறு வழியில்லை.

ஃபைல் பெயரில் பெட்டி எண், கோப்பு எண், படிவ எண், பக்க எண் இருந்தால் போதும். எண்களுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து ஒரே நீளமாக்குங்கள்: 7 அல்ல, 0007. ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ ஃபைல் பெயரில் வரவே கூடாது. பின்னால் தனியுரிமை பற்றிச் சொல்லும்போது ஏன் என்பது புரியும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த ஆய்வு என்றால், பதில்களைத் துளைகளாகக் குறித்த துளையட்டைகளும் இருக்கலாம். 1928-இல் வந்த ஐபிஎம் அட்டையில் 80 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 12 துளையிடங்கள்: 0 முதல் 9 வரை பத்து, அவற்றுக்கு மேலே இரண்டு. ஒரு நெடுவரிசைக்கு ஒரு துளை என்பது பொதுவான வழக்கம். ஆனால் ஆய்வு நிறுவனங்கள் அட்டையை மிச்சப்படுத்த ஒரே நெடுவரிசையில் பல துளைகளைப் போட்டன. 'எந்தெந்தப் பத்திரிகை படிப்பீர்கள்' என்ற கேள்விக்கு ஐந்து பதில் என்றால் ஒரே நெடுவரிசையில் ஐந்து துளை. மேலே உள்ள இரண்டு இடங்களைத் 'தெரியாது', 'பதில் இல்லை' என்பவற்றுக்கு ஒதுக்கியதும் உண்டு. இத்தகைய அட்டைகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும் கருவியில் கொடுத்தால், பல துளை உள்ள நெடுவரிசை பொருளற்ற குறியாக வரும், அல்லது வெற்றிடமாகிவிடும். ஒவ்வொரு நெடுவரிசையையும் 12 தனித்தனி ஆம், இல்லை என்றே பதிவு செய்ய வேண்டும். படிக்கும் இயந்திரம் இல்லை என்று கலங்க வேண்டாம். பின்னால் விளக்கு வைத்துப் படமெடுத்தால் துளைகளின் இடத்தை ஒரு சிறிய நிரலே படித்துவிடும். ஒருவருக்கு இரண்டு மூன்று அட்டைகள் இருந்திருக்கும். அடுக்கு கலைந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆள் எண்ணையும் அட்டை எண்ணையும் தாங்கிய நெடுவரிசைகள் எவை என்று தெரிந்தால் சேர்த்துவிடலாம். அது எங்கே எழுதியிருக்கிறது? மறுபடியும் அந்த 'இதர' பெட்டியில்தான்.

படமெடுத்து முடித்ததும் உண்மையான வேலை தொடங்குகிறது: பதில்களைத் தரவாக மாற்றுவது. அச்சடித்த அட்டவணைகளை ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஓரளவு படிக்கும், கட்டங்களின் கோடுகளில் தடுமாறும். கையெழுத்தைப் படிக்க டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகள் உண்டு. ஒரே ஆளின் கையெழுத்து நிறைய இருந்தால் பழக்கிக்கொள்ளும். கணக்கெடுப்பில் ஐம்பது களப்பணியாளர்களின் கையெழுத்து கலந்திருக்கும் என்பதால் பலன் குறைவு. எண்களைப் பொறுத்தவரை இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் நிரலால் ஒப்பிட்டு, மாறுபட்ட கட்டங்களை மட்டும் மூன்றாமவர் படத்தோடு பார்த்துத் தீர்ப்பதே இன்றும் நம்பகமான வழி. அதிலும் ஓட்டை உண்டு. 1-ஐயும் 7-ஐயும் இருவருமே ஒரே மாதிரி தவறாகப் படிக்கலாம். அதனால் கூட்டுத்தொகையைச் சோதியுங்கள்: குடும்ப உறுப்பினர் பட்டியலில் ஆறு பேர் இருந்து, மொத்தம் என்ற கட்டத்தில் 7 இருந்தால் எங்கோ பிழை. நஞ்சையும் புஞ்சையும் சேர்ந்து மொத்த நிலத்துக்குச் சமமாகிறதா பாருங்கள். தாயின் வயதுக்கும் மூத்த பிள்ளையின் வயதுக்கும் இடையே எட்டு ஆண்டுதான் இருந்தால் படத்தைத் திறந்து பாருங்கள். பிழை மூலத்திலேயே இருந்தால் திருத்தாதீர்கள். இருப்பதை அப்படியே எழுதி, பக்கத்து நெடுவரிசையில் 'மூலத்தில் பிழை' என்று குறியுங்கள். எட்டு ஆண்டு இடைவெளி களப்பணியாளரின் எழுத்துப் பிழையாக இருக்கலாம், அவர் மூத்தாளின் பிள்ளையை வளர்ப்பவராகவும் இருக்கலாம். திருத்திவிட்டால் அந்தக் குடும்பம் காணாமல் போய்விடும்.

வெற்றுக் கட்டத்தை என்ன செய்வது என்பதைத் தட்டச்சு தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். படிவத்தில் வெறுமையாக இருப்பது, கோடு போட்டிருப்பது, 'பொருந்தாது' என்று எழுதியிருப்பது, எழுதியிருந்தும் படிக்க முடியாதது என நான்கும் நான்கு செய்திகள். நான்குக்கும் நான்கு அடையாளம் வேண்டும். எதுவும் 0 ஆகக் கூடாது. பழைய தரவில் பதில் இல்லாததற்கு 9 அல்லது 99 என்று போடுவது வழக்கம். அதைத் தெரியாமல் சராசரி எடுப்பவருக்கு ஊரில் 99 வயதுக் கிழவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிடைப்பார்கள். குறியீட்டு ஏட்டை முதலில் ஸ்கேன் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிதாள் மென்பொருள்கள் செய்யும் கெடுதி தனி ரகம். ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) என்ற பழைய பணக் கணக்கை 1-4-6 என்று எழுதும் வழக்கம் இருந்தது. அதை அப்படியே தட்டினால் மென்பொருள் அதைத் தேதியாக மாற்றிவிடும். ஒருமுறை தேதியாகிச் சேமித்துவிட்டால் மூல எண் உள்ளே இருக்காது. 0042 என்ற குறியீடு 42 ஆகிவிடும். ஆகவே ஒரு எண்ணைக்கூடத் தட்டும் முன் எல்லா நெடுவரிசைகளையும் 'உரை' என்று அமைத்துவிடுங்கள். பணத்துக்கு மூன்று தனி நெடுவரிசை வையுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதால் ரூபாய்க்கு 192 பை. 1-4-6 என்பது 246 பை, தசமத்தில் 1.28125 ரூபாய். இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1-இல். அதை ஒட்டிய ஆண்டுகளின் ஆய்வுகளில் இரண்டு முறையும் ஒரே படிவத்தில் கலந்து வரும். மாற்றிய தொகையைப் புதிய நெடுவரிசையில் போடுங்கள், மூலம் அப்படியே இருக்கட்டும். தொழில் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: எழுதியிருந்தது ஒரு நெடுவரிசை, சீர்ப்படுத்தியது இன்னொன்று.

தமிழில் உள்ள ஆவணங்களுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. தமிழ் எண்கள் கலந்த பழைய கணக்குகளில் ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலவே இருக்கும். ஓசிஆர் அவற்றை எழுத்தாகவே படிக்கும். எண் மட்டுமே வர வேண்டிய நெடுவரிசையில் எழுத்து வந்தால் எச்சரிக்கும் ஒரு சோதனையைப் போட்டுவையுங்கள். 1990-களில் கணினியில் தட்டச்சு செய்த ஆய்வுகள் பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் இருக்கும். எழுத்துருவின் பெயர் தெரியாமல் மாற்றினால் குப்பைதான் வரும். ஆகவே ஃபைலோடு எழுத்துருவையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. எல்லா உரையையும், இப்படிப்பட்டவற்றை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேடல் பட்டியலில் ஏற்றுங்கள். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியேற்றத்தில் சேமிக்கும்போது தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளத்தையும் சேர்த்த ஒரு பிரதி கொடுங்கள். இல்லையென்றால் எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கும் வாசகருக்குத் தமிழ் எல்லாம் உடைந்து தெரியும். அவர் அந்தப் பக்கமே திரும்ப வரமாட்டார்.

தரவு தயாரானதும் அச்சான அறிக்கையின் அட்டவணை ஒன்றை மறுபடி உருவாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அச்சுப் பிசகாமல் வராது. அறிக்கை எழுதியவர்கள் தாமதமாக வந்த படிவங்களை விட்டிருப்பார்கள், சில ஊர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்திருப்பார்கள், தொகுப்புத் தாளிலேயே கையால் திருத்தியிருப்பார்கள். வித்தியாசம் எவ்வளவு, எதனால் என்று தெரிந்தவரை எழுதிவையுங்கள். அட்டவணைக்குப் பொருந்தட்டும் என்று தரவைத் தொடக் கூடாது.

இனி எல்லாவற்றையும்விடப் பொறுப்பான பகுதி. இந்தப் படிவங்களில் இருப்பவர்கள், தங்கள் வருமானத்தையும் கடனையும் நோயையும் சண்டையையும் ஒருவரை நம்பிச் சொன்னவர்கள். 'வெளியே சொல்ல மாட்டோம்' என்று படிவத்தின் தலைப்பிலேயே அச்சடித்திருக்கும். சொன்னவர் இறந்திருக்கலாம், பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆள்வாரிப் படிவங்களை அமெரிக்கா 72 ஆண்டுகளும் பிரிட்டன் 100 ஆண்டுகளும் மூடிவைப்பது இதனால்தான். சிறிய ஆய்வுகளுக்குச் சட்டம் காலக்கெடு சொல்லாவிட்டாலும், நாமே ஒன்றை வைத்துக்கொள்வது கடமை.

பெயரையும் விலாசத்தையும் நீக்கினால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. ஊர்ப் பெயர் இருந்து, தொழில் 'மருத்துவர்' என்றும் குழந்தைகள் 9 என்றும் இருந்தால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். ஊர், தொழில், சாதி, வயது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரே ஒருவர் மட்டும் நிற்கும் கட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக ஆட்கள் நிற்கும் சேர்க்கைகளில் ஏதாவதொன்றைப் பரவலாக்க வேண்டும்: வயதைப் பத்தாண்டுத் தொகுப்பாக்கலாம், ஊரைத் தாலுகாவாக்கலாம். படங்களில் பெயரை மறைப்பதில் அடிக்கடி நடக்கும் பிழை, பிடிஎஃப்-இல் கறுப்புப் பெட்டி வரைந்துவிட்டு நிறுத்துவது. பெட்டிக்கு அடியில் ஓசிஆர் உரை அப்படியே இருக்கும். வாசகர் அதைத் தேர்ந்து நகலெடுத்தால் பெயர் வந்து விழும். படத்தின் பிக்சல்களையே கறுப்பாக்கி, புதிய படமாகச் சேமித்து, அதன் மேல்தான் ஓசிஆர் ஓட்ட வேண்டும். சிறு முன்னோட்டப் படம், ஃபைலுக்குள் இருக்கும் தகவல் புலங்கள், ஃபைல் பெயர் என்று மற்ற கசிவு வழிகளையும் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் களப்பணியாளர் எழுதும் 'பொதுக் குறிப்பு' பகுதியைக் கட்டாயம் ஒருவர் முழுமையாகப் படித்தாக வேண்டும். 'இவருடைய தம்பி இன்னாரிடம் வாங்கிய கடன்' என்று மூன்றாம் மனிதர்கள் வருவது அங்கேதான்.

அதே சமயம் மூலத்தை அழித்துவிடவும் கூடாது. பாஸ்டன் நகரில் குற்றம் செய்த 500 சிறுவர்களையும் செய்யாத 500 சிறுவர்களையும் குற்றவியல் ஆய்வாளர்களான ஷெல்டன், எலினார் க்ளூக் இணையர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பெட்டிகள் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தின் அடித்தளத்தில் கிடந்தன. 1980-களில் ஆய்வாளர்கள் ராபர்ட் சாம்ப்ஸனும் ஜான் லாபும் அவற்றை எடுத்துக் கணினியில் ஏற்றினார்கள். பிறகு அந்தச் சிறுவர்களில் சிலரை முதுமையில் தேடிப்போய்ப் பேசினார்கள். ஒரு மனிதன் வாழ்க்கையின் நடுவில் எப்படித் திருந்துகிறான் என்பதைப் பற்றி அதற்கு முன் இருந்த பல நம்பிக்கைகள் அதனால் மாறின. தனியுரிமை என்ற பெயரில் பெயர்ப் பக்கங்களை யாராவது எரித்திருந்தால் இது நடந்திருக்காது. பெயருக்கும் படிவ எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தனி ஃபைலில், பூட்டி, யார் திறக்கலாம் என்று எழுதிவைத்துக் காப்பதே சரியான வழி.

பிரிட்டனின் தரவுக் காப்பகச் சேவை தன் தரவுகளை மூன்று நிலையாகப் பிரிக்கிறது: யாரும் எடுக்கலாம், பதிவு செய்து நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு எடுக்கலாம், அனுமதி பெற்றுப் பாதுகாப்பான இடத்தில் மட்டும் பார்க்கலாம். சிறிய காப்பகமும் இதைப் பின்பற்றலாம். வெற்றுப் படிவம், கையேடு, குறியீட்டு ஏடு, அட்டவணைகள் முதல் நிலை. அடையாளம் நீக்கிய தரவு இரண்டாம் நிலை. படிவப் படங்கள் மூன்றாம் நிலை; காலக்கெடு முடிய முடிய அதிகம் திறந்த நிலைக்கு நகர்த்தலாம். முதல் நிலையில் வைப்பவற்றை உடனே வெளியிடுங்கள். மற்றவை முடியட்டும் என்று எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் மூடிவைப்பதில் எவருக்கும் லாபமில்லை.

பொதுமக்கள் எந்த வாசல் வழியாக வருவார்கள் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1886 முதல் 1903 வரை சார்லஸ் பூத் லண்டனில் நடத்திய கணக்கெடுப்பு. லண்டன் பொருளியல் பள்ளியின் நூலகத்தில் 450-க்கும் மேற்பட்ட குறிப்பேடுகள் இருக்கின்றன. தெருத் தெருவாக வறுமையைக் கறுப்பு முதல் மஞ்சள் வரை ஏழு நிறங்களில் தீட்டிய வரைபடமும் இருக்கிறது. அவற்றை இணையத்தில் வைத்தபோது வரைபடத்தையே நுழைவாயில் ஆக்கினார்கள். படிவ எண்ணைத் தேடி யாரும் வருவதில்லை, தன் தெருவைத் தேடித்தான் வருகிறார்கள். ஆகவே ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும்: அன்றைய பெயர், இன்றைய பெயர், அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை. பூத்தின் வரைபடத்தில் கறுப்பு நிறத்துக்கு அவர் கொடுத்த விளக்கம், அங்கே வாழ்ந்தவர்களைக் குற்றவாளிகளாகவே பேசுகிறது. இத்தகைய சொற்களை அழிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அவை ஆய்வாளரின் பார்வை, அங்கே வாழ்ந்தவர்களின் சொல் அல்ல என்று அதே பக்கத்தில், வாசகர் கண்ணில் படும் இடத்தில் எழுதிவையுங்கள்.

ஒவ்வொரு கேள்வியும் தனியாகத் தேடலில் வர வேண்டும். கேள்வியின் வாசகம், பதில் விருப்பங்கள், யாரிடம் கேட்கப்பட்டது, குறியீடு ஆகியவற்றை டிடிஐ என்ற தரத்தின்படி எழுதினால் மற்ற காப்பகங்களின் தேடலிலும் அது வரும். இந்தத் தரம் 1995-இல் சமூக அறிவியல் காப்பகங்கள் கூடித் தொடங்கிய முயற்சி. முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை, சுமார் இருபது புலங்கள் போதும். தரவை எளிய சிஎஸ்வி-யாகவும் கொடுங்கள். புள்ளியியல் மென்பொருள் ஃபைல் மட்டும் இருந்தால், அந்த மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்குக் கதவு மூடியதுதான். கைபேசியில் மெதுவான இணைப்பில் திறப்பவரையும் நினையுங்கள்: 300 பக்க பிடிஎஃப் ஒன்றுக்குப் பதிலாகப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் வசதி.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஸ்கேன் செய்த அன்றே எஸ்எச்ஏ-256 கைரேகையை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) கணக்கிட்டுப் பட்டியலாக வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். வட்டில் ஒரு பிட் கெட்டாலும் அப்போது தெரிந்துவிடும். மின்னாக்கம் ஆயிற்று என்று தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தில் ஒரு எண் சந்தேகமாக இருந்தால் கேட்க வேறு ஆள் கிடையாது.

வெளியிட்ட பிறகு திருத்தங்கள் வரத் தொடங்கும். அமெரிக்காவின் 1950 மக்கள்தொகைப் படிவங்கள் 2022 ஏப்ரல் 1-இல் வெளியானபோது, இயந்திரம் படித்த பெயர்ப் பட்டியலோடு, தவறான பெயரைப் படிப்பவரே திருத்தி அனுப்பும் வசதியையும் கொடுத்தார்கள். இது எந்தச் சிறு காப்பகத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே 'பிழை சொல்லுங்கள்' என்று ஒரு பொத்தான், அதோடு அந்தப் பக்கத்தின் எண் தானாகவே போய்ச் சேர வேண்டும். வந்த திருத்தத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, ஏற்றால் தரவின் பதிப்பு எண்ணை உயர்த்தி, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய பதிப்பை நீக்காதீர்கள். அதை வைத்துக் கட்டுரை எழுதியவர் மேற்கோள் காட்டிய எண் அதில்தான் இருக்கிறது. 'இது என் பாட்டனாரின் வீடு, இதை எடுத்துவிடுங்கள்' என்று கேட்டும் ஒருவர் எழுதலாம். அந்தக் கடிதம் யாரிடம் போகும், எத்தனை நாளில் பதில் போகும், பதில் வரும்வரை பக்கம் மூடியிருக்குமா என்பதை வெளியிடும் முன்பே எழுதி, தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.